ஆல்ப்ஸ் மலை பிரிம்ரோஸ்: குளிர்ல சாகாது, ஈரத்துல சாகும்

மொத வருஷம் மைனஸ் 12 வரப்போகுதுன்னு கேட்டதும் பயந்துபோய் தொட்டிய வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்து ஹீட்டர் பக்கத்துல ஜன்னல் ஓரமா வச்சேன், ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தண்ணியும் ஊத்தி ரொம்ப பாசமா பாத்துக்கிட்டேன். மூணே வாரம். ஒரு நாள் காஞ்ச இலைய கிள்ளலாம்னு தொட்டா செடியோட தலை மட்டும் தனியா கையோட வந்துடுச்சு, கழுத்துக்கு கீழ எல்லாம் பழுப்பு கலர்ல கூழ். அதே செடியோட பக்கக்கன்னு ஒண்ணு வெளிய செவுத்தோரமா மறந்துபோய் கெடந்துச்சு, மண்ணு கல்லு மாதிரி உறைஞ்சு, இலையெல்லாம் சுருங்கி, செத்தே போச்சுன்னுதான் நெனச்சேன், ஆனா ஏப்ரல்ல அதுதான் பூத்துச்சு.

அந்த ஒரு வருஷத்துல கத்துக்கிட்டதுதான் இந்த மொத்த கதையும். இந்தச் செடிக்கு குளிர் எதிரியே இல்ல, வேர்ல தேங்குற ஈரமும் கோடை சூடும்தான் எதிரி. இத மனசுல வச்சுக்கிட்டா மண்ணு, தொட்டி, தண்ணி, இடம்னு எல்லா முடிவும் தானா சரியா வரும்.

ஆனா வளக்கறதுக்கு முன்னாடி கையில இருக்கறது எந்தச் செடின்னு தெரியணும், ஏன்னா "ஆல்பைன் பிரிம்ரோஸ்"ங்கற பேர்ல எது எதையோ விக்கறாங்க. நானே ஒரு தடவ அப்படி எழுதி ஒட்டுன தொட்டிய வாங்கிட்டு வந்தேன், பூத்தப்பறம் பாத்தா சாதாரண கலர் கலர் பிரிம்ரோஸ் ஹைப்ரிட், மலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது

பிரிம்ரோஸோட தாவரவியல் பேரு பிரிமுலா, அந்தப் பேரினத்துல 400 இனத்துக்கு மேல இருக்கு, அதுல பெரும்பாலானது இமயமலை, மேற்குச் சீனா பக்கம். ஐரோப்பா மலைகள்ல பாறை இடுக்குல வளர்ற ஆரிகுலா கூட்டம் மட்டும் சுமாரா 25 இனம். நாம பேசப்போறது இந்தக் கூட்டத்தப் பத்தி.

பூ இல்லாத சமயத்துலயும் இந்தக் கூட்டத்த கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. செடியோட நடுவுல அப்பத்தான் விரியற ரொம்ப சின்ன இலைய பாருங்க, லென்ஸ் இருந்தா நல்லது. அந்தக் குட்டி இலையோட ரெண்டு ஓரமும் மேல் பக்கமா, உள்நோக்கி சுருண்டிருந்தா, பாய ரெண்டு பக்கத்துலேர்ந்தும் சுருட்டுன மாதிரி இருந்தா, அது ஆரிகுலா கூட்டம். ஓரம் அடிப்பக்கமா, பின்னால மடங்கி சுருண்டிருந்தா அது வேற கூட்டம், அதாவது சாதாரண வல்காரிஸ், இமயமலை டென்டிகுலாட்டா, ஃபரினோசா இதெல்லாம் அந்த வகை. பூவோட கலர் ஏமாத்தும், விக்கறவர் எழுதி வச்ச லேபிளும் ஏமாத்தும், இது ஏமாத்தாது.

ரெண்டாவது, இலைய ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு பாருங்க. ஆரிகுலா கூட்டத்து இலை தடிப்பா, சதைப்பத்தா, கொஞ்சம் ரப்பர் மாதிரி இருக்கும், மேல்புறம் வழவழன்னு இருக்கும். வல்காரிஸ் இலை மெல்லிசு, கைக்குட்டைய கசக்கிப் பிரிச்ச மாதிரி சுருக்கம் சுருக்கமா இருக்கும், பூவும் அடியிலேர்ந்து ஒத்த ஒத்த காம்புல ஒண்ணொண்ணா வரும். டென்டிகுலாட்டாவா இருந்தா பூ எல்லாம் சேந்து ஒரு குச்சி நுனியில உருண்டையா பந்து மாதிரி நிக்கும், குளிர்காலத்துல செடி ஒரு தடிச்ச மொட்டு அளவுக்கு அடங்கிடும், அதுக்கு ஈரமான மண்ணு வேணும், இங்க நான் சொல்ற காய விடற முறையெல்லாம் அதுக்கு ஆகாது.

சரி, ஆரிகுலா கூட்டம்னு முடிவாச்சு. அதுக்குள்ள எது?

பிரிமுலா ஆரிகுலாதான் இதுல பிரபலம். மஞ்சப் பூ, நல்ல வாசம், ஒரே தண்டு நுனியில கொத்தா பூக்கும், தண்டு 5லேர்ந்து 20 செ.மீ. வரைக்கும் நிக்கும். ஆல்ப்ஸ்ல மட்டும் இல்ல, ஜூரா, தாத்ரா, கார்பாத்தியன் மலைகள்லயும் உண்டு, சுண்ணாம்புப் பாறை இடுக்குதான் அதுக்கு வீடு. இலை மேல பல செடிகள்ல மாவு சலிச்சு தூவுன மாதிரி வெள்ளையா ஒரு பொடி இருக்கும், சிலதுல இலையில சுத்தமா இருக்காது, பூவோட தொண்டைய சுத்தி மட்டும் இருக்கும். அந்தப் பொடிய ஃபரினான்னு சொல்றாங்க, இலை மேல இருக்கற குட்டிக்குட்டி சுரப்பி முடிகள்லேர்ந்து செடியே விடறது அது. பூஞ்சணம்னு நெனச்சு துடைக்காதீங்க, நான் துடைச்சிருக்கேன், ஈரத்துணியால, ஒவ்வொரு இலையா. ஆரிகுலான்னா லத்தீன்ல சின்னக் காதுன்னு அர்த்தம், இலை கரடியோட காது மாதிரி இருக்குன்னு பழைய பேரே கரடிக் காதுதான். ஆஸ்திரியாவோட 5 சென்ட் யூரோ காசுல இருக்கறது ஆல்பைன் பிரிம்ரோஸ்தான், கையில கெடைச்சா திருப்பிப் பாருங்க.

பிரிமுலா ஹிர்சூட்டா இதுக்கு நேர் எதிர். பூ ரோஸ்லேர்ந்து ஊதா வரைக்கும், நடுவுல வெள்ளைக் கண்ணு. மாவு கெடையாது, அதுக்கு பதிலா இலை பூரா சின்ன முடி, தொட்டா பிசுபிசுன்னு விரல்ல ஒட்டும். இது கருங்கல் மாதிரி சுண்ணாம்பு இல்லாத பாறையில இருக்கற செடி, நடு ஆல்ப்ஸ்லயும் பிரனீஸ்லயும் வரும்.

பிரிமுலா மார்ஜினாட்டா தெரிஞ்சவங்க தூரத்துலேர்ந்தே சொல்லிடுவாங்க, இலை ஓரம் பூரா ரம்பப் பல்லு, அந்தப் பல்லு மேல மட்டும் வெள்ளிக்கோடு போட்ட மாதிரி மாவு. பூ வெளிர் ஊதாலேர்ந்து நீலம் கலந்த ஊதா வரைக்கும். பிரான்ஸ் இத்தாலி எல்லையில இருக்கற தென்மேற்கு ஆல்ப்ஸ்தான் அதோட ஊரு. வயசாக ஆக தண்டு மரம் மாதிரி கட்டியாகி நீண்டு, பாறையிலேர்ந்து தொங்கும். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன், சாகவே சாகாத ஜாதி, பூ இல்லாதப்பவும் பாக்க அழகு.

பிரிமுலா மினிமா ரொம்பக் குட்டி, ஆப்பு மாதிரி இலை, நுனியில மட்டும் கூர் கூரா பல்லு, செடிய விட பூ பெருசு, ஒவ்வொரு இதழும் நடுவுல ஆழமா பிளந்து ஒய் எழுத்து மாதிரி இருக்கும். அமில மண்ணு கேக்கும். பிரிமுலா அலியோனி சுண்ணாம்புக் குகை வாயிலயும் தொங்குபாறைக்கு அடியிலயும் மழையே படாம வளர்றது, ரொம்ப அழகு, ஆனா மேல தண்ணி பட்டா போச்சு, கண்ணாடிக் கூரை இல்லாதவங்க அந்தப் பக்கம் போகாதீங்க. ஃபரினோசா பேருலயே மாவு இருக்கு, ஆனா மாவு இலையோட அடிப்பக்கம், அது ஈரப் புல்வெளிச் செடி, முன்ன சொன்ன சுருள் டெஸ்ட்டுலயே வெளிய போயிடும்.

இன்னொரு குழப்பம் இருக்கு, இது நெறைய பேர மாட்டி விடுது. கண்காட்சிக்கு ஆரிகுலா வளக்கறவங்க "ஆல்பைன் ஆரிகுலா"ன்னு சொன்னா அது மலையிலேர்ந்து வந்த காட்டுச்செடின்னு அர்த்தம் இல்ல! அது தோட்டத்துல உருவான ஒரு ரகம், இலையிலயும் பூவுலயும் மாவே இருக்காது, நடுவுல தங்க நிறமோ வெள்ளையோ ஒரு வட்டம், இதழ் உள்ள அடர்த்தியா ஆரம்பிச்சு ஓரத்துக்கு போகப் போக வெளிறும். ஷோ ஆரிகுலான்னா பூ நடுவுல வெள்ளை மாவு வட்டம் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கும், சிலதுல இதழ் ஓரமே பச்சையாவோ சாம்பலாவோ இருக்கும், அது மேல ஒரு சொட்டு மழை விழுந்தாலும் பூ கெட்டுடும், அதனால அத கூரைக்கு அடியிலதான் வைப்பாங்க. பார்டர் ஆரிகுலாங்கறது தோட்டத்துல தரையிலயே விட்டுடலாம்ங்கற முரட்டு ரகம்.

இதெல்லாத்துக்கும் மூலம் ஒண்ணுதான், சுண்ணாம்புப் பாறை ஆரிகுலாவும் கருங்கல் பாறை ஹிர்சூட்டாவும் ரெண்டு பாறையும் சந்திக்கற எடத்துல தானா கலந்து உண்டான கலப்பினம், பேரு பிரிமுலா ப்யூபெசென்ஸ். 1573ல வியன்னாவுக்கு அரச தோட்டத்துக்காகப் போன தாவரவியலாளர் கரோலஸ் க்ளூசியஸ் இந்த மாதிரி செடிகள வளத்து எழுதி வச்சாரு, 19ஆம் நூற்றாண்டுல அந்தோன் கெர்னர்ங்கற ஆஸ்திரிய தாவரவியலாளர் தோட்டத்து ஆரிகுலாவோட மூதாதை இந்தக் கலப்பினம்தான்னு மலையில போய் தேடிப் பிடிச்சாரு. இது வெறும் சரித்திரக் கதை இல்லைங்க, வளக்கறவங்களுக்கு ஒரு லாபம் இருக்கு. ஒரு பக்கம் சுண்ணாம்பு ரத்தம், இன்னொரு பக்கம் கருங்கல் ரத்தம், அதனால தோட்டத்து ரகம் மண்ணு விஷயத்துல அவ்வளவா அடம் பிடிக்காது. சுத்தமான காட்டு இனத்துக்குத்தான் அதோட பாறைக்கு ஏத்த மண்ணு குடுக்கணும்.

மலைக்குப் போறவங்க ஒண்ணு, படம் எடுத்துக்கோங்க, வேரோட பிடுங்காதீங்க. ஜெர்மனி உட்பட பல எடத்துல இது சட்டப் பாதுகாப்புல இருக்கற செடி, பாறையிலேர்ந்து பிடுங்கறப்ப வேரும் அறுந்துடும், அது பொழைக்கவும் பொழைக்காது. நர்சரி செடியோ விதையோதான் வழி.

மண்ணும் தொட்டியும்

என்னோட கலவை ரொம்ப சிம்பிள். கொஞ்சம் களி கலந்த தோட்ட மண்ணு ஒரு பங்கு, நல்லா மக்குன இலை மக்கு ஒரு பங்கு, 4லேர்ந்து 6 மி.மீ. அளவு கூர்மையான பொடி ஜல்லி ஒரு பங்கு. மார்ஜினாட்டாவுக்கும் காட்டு ஆரிகுலாவுக்கும் ஜல்லிய பாதி அளவுக்கு ஏத்திடுவேன், சுண்ணாம்புக்கல் ஜல்லியா இருந்தா இன்னும் நல்லது. ஹிர்சூட்டா, மினிமாவுக்கு சுண்ணாம்பு கூடாது, கருங்கல் பொடி ஜல்லியும் இலை மக்கும் கூடுதலா போட்டு மழைத் தண்ணி ஊத்துங்க. பெர்லைட்டுங்கற எடை கொறைஞ்ச வெள்ளைக் கல்லு போடலாம், ஆனா நைசான மணல் மட்டும் வேண்டாம், அது ஜல்லி இடுக்க அடைச்சு தண்ணிய தேக்கிடும், நாம எதுக்காக ஜல்லி போட்டோமோ அதுவே கெட்டுப்போகும்.

கலவை சரியான்னு பாக்க கையில ஒரு பிடி எடுத்து ஈரமாக்கி அமுக்குங்க. கைய திறந்ததும் விரல் பட்டா உதிரணும். உருண்டையா அப்படியே நின்னா இன்னும் ஜல்லி சேருங்க. தொட்டியில போட்டப்பறம் மேல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினா ரெண்டு மூணு செகண்ட்ல உள்ள எறங்கிடணும், மேல குளம் கட்டி நிக்கக் கூடாது.

தொட்டி சின்னதா இருக்கணும். வளந்த செடிக்கே 9 செ.மீ. தொட்டி போதும், ஆனா கொஞ்சம் ஆழமானதா பாருங்க, வேரு பாறை இடுக்குல கீழ போற பழக்கம் உள்ளது. பெரிய தொட்டியில வச்சா வேரு எட்டாத மண்ணு ஈரமாவே கெடக்கும், அதுதான் எமன். மண் தொட்டி காத்து வாங்கும், ஈரத்த சீக்கிரம் விட்டுடும், என் ஓட்டு அதுக்குத்தான். பிளாஸ்டிக்லயும் நல்லா வரும், ஜல்லிய கொஞ்சம் கூட்டிக்கோங்க, தண்ணிய கொஞ்சம் கொறச்சுக்கோங்க. நட்டப்பறம் கழுத்த சுத்தி ஒண்ணரை செ.மீ. உயரத்துக்கு ஜல்லி பரப்புங்க. இத அழகுக்குன்னு நெனச்சு விட்டுடாதீங்க, இலையோட அடி ஈர மண்ணுல படாம இருக்கறதுக்கு அதுதான் காவல்.

தரையில வைக்கறதா இருந்தா பாறைத் தோட்டமோ, கல்லு அடுக்கின சுவரோ அருமை. ரெண்டு கல்லுக்கு நடுவுல செடிய படுக்க வச்சு, வேர பின்னால மண்ணுல விரிச்சு, மேல இன்னொரு கல்ல வச்சு அமுக்கிடுங்க. செடி சாஞ்சு இருக்கறதால தண்ணி நடுக்குருத்துல தேங்காது, மலையிலயும் அப்படித்தான் இருக்கு. கிழக்கு பாத்த எடமோ, வட அரைக்கோளத்துல வடக்கு பாத்த எடமோ வேணும். காலை வெயில் நல்லது, மத்தியான வெயில் வேண்டாம்.

இங்க ஒரு உண்மைய சொல்லிடறேன். இந்தச் செடி 25 டிகிரி தாண்டினாலே சோம்பேறியாகும், 30க்கு மேல நாள் கணக்கா போனா சுருண்டு உக்காந்துடும், ராத்திரியும் குளிராத எடத்துல, வருஷம் பூரா வெக்கையா இருக்கற சமவெளியில எவ்வளவு பாத்துக்கிட்டாலும் நிக்காது. குளிர்காலம்னு ஒண்ணு நெசமா இருக்கற எடமா இருக்கணும், அந்தக் குளிர் இல்லாம பூவும் ஒழுங்கா வராது.

தண்ணி, வருஷத்துக்கு நாலு மாதிரி

மாசக் கணக்கு வட அரைக்கோளத்துக்கு சொல்றேன், தெற்குல இருக்கறவங்க ஆறு மாசம் தள்ளிக்கோங்க.

நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் கிட்டத்தட்ட பட்டினி. மண்ணு எலும்பு மாதிரி காயக் கூடாது, ஆனா தொட்டா ஈரம்னு தெரியற அளவுக்கும் இருக்கக் கூடாது. நான் தொட்டிய கையில தூக்கி கனம் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன், மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டு ஸ்பூன் தண்ணி ஓரமா விட்டா அதிகம். வெளி இலை மஞ்சளாகி காஞ்சு, நடுவுல மட்டும் ஒரு இறுக்கமான குருத்து நிக்கும், செடி சுருங்கி பாதியாகும், பதறாதீங்க, அதுதான் அதோட தூக்கம். குளிர்ல மைனஸ் 10, மைனஸ் 15 வரைக்கும் கவலை இல்ல, தரையில இருந்து மேல பனி மூடினா அதுக்கும் கீழ போனாலும் தாங்கும், புதுப்பனியில முக்கால்வாசிக்கு மேல காத்துதான, அது கம்பளி மாதிரி காப்பாத்தும். பனி இல்லாம வர்ற மழைதான் பயம். மேல ஒரு கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ சாய்வா வச்சிடுங்க, நாலு பக்கமும் தெறந்தே இருக்கட்டும், காத்து ஓடணும். மூடி வச்சா சாம்பல் பூஞ்சணம் வந்துடும்.

ராத்திரி உறைஞ்சு பகல்ல உருகி திரும்ப உறைஞ்சுன்னு மாறி மாறி வந்தா, புதுசா நட்ட சின்னச் செடிய மண்ணு மேல தள்ளி விட்டுடும், வேரு வெளிய தெரியும். பாத்தா விரலால மெதுவா அமுக்கி விடுங்க.

பிப்ரவரி கடைசியில நடுக்குருத்து லேசா விரியும், பச்சை புதுசா தெரியும். அன்னிக்குத்தான் மொத நல்ல தண்ணி. அப்பறம் மண்ணு மேல்பக்கம் காஞ்சதும் ஊத்தலாம். எப்பவும் இலை மேல ஊத்தாதீங்க, மாவு கழுவிப் போயிடும், குருத்துல தண்ணி நின்னா அழுகும். தட்டுல தண்ணி வச்சு தொட்டிய அரை மணி நேரம் உக்கார வச்சு எடுத்துடறது பெஸ்ட். மார்ச்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பொட்டாஷ் அதிகமா இருக்கற தக்காளி உரத்த பாதி அளவு கலக்கி குடுங்க, மொட்டு வரைக்கும் போதும். நைட்ரஜன் அதிகமான உரம் போட்டா இலை பூசணி இலை மாதிரி வளரும், பூ வராது, பூச்சி வரும்.

கோடையில நிழலுக்கு மாத்திடுங்க, தண்ணி அளவா. சூடான நாள்ல இலை தொங்குதேன்னு பாத்து நெறைய ஊத்தறதுதான் எல்லாரும் செய்யற தப்பு. மொதல்ல தொட்டி கனத்த பாருங்க, கனமா இருந்தும் இலை தொங்கினா அது தாகம் இல்ல, வெக்கை, இல்லன்னா வேர்ல பிரச்சனை. செப்டம்பர்ல மறுபடி கொஞ்சம் முழிச்சுக்கும், சில சமயம் பூவும் விடும். அந்தப் பூத்தண்ட நான் கிள்ளிடுவேன், வசந்தத்துக்கு வேணுங்கற சக்திய இப்பவே செலவு பண்ணிடுமேன்னு.

மாத்தி நடறது, இதுதான் முக்கியமான வேலை

பூ முடிஞ்சதும், மே கடைசி ஜூன் ஆரம்பத்துல, வருஷா வருஷம் இல்லன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ. தொட்டிய தலைகீழா கவுத்து ஓரத்த மேஜையில லேசா தட்டினா மண்ணோட வரும். பழைய மண்ண விரலால உதிர்த்து விடுங்க, எல்லாத்தையும். இப்ப இலைக்கு கீழ தடியா ஒரு தண்டு தெரியும் பாருங்க, வளக்கறவங்க அத கேரட்டுன்னே சொல்றாங்க, பாக்கவும் அப்படித்தான் இருக்கும். செடியோட உயிரு அதுலதான்.

அந்தக் கேரட்டோட அடிநுனிய கட்டைவிரலால அமுக்குங்க. கெட்டியா இருந்தா சந்தோஷம். மெத்துனு இருந்தாலோ, பழுப்பா இருந்தாலோ, சுத்தமான பிளேடால கீழேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா சீவிக்கிட்டே வாங்க, உள்ள வெட்டு முகம் பூரா வெள்ளையா, பழுப்புப் புள்ளி ஒண்ணு கூட இல்லாம வர்ற வரைக்கும். ஒரு சின்னப் புள்ளிதானேன்னு விட்டீங்கன்னா ஆகஸ்ட்ல செடி போயிடும், அனுபவத்துல சொல்றேன். சீவி சீவி வேரே இல்லாம வெறும் தலை மட்டும் மிஞ்சினாலும் தூக்கிப் போடாதீங்க. வெட்டு முகத்துல கந்தகப் பொடியோ கரித்தூளோ தொட்டு, ஒரு நாள் நிழல்ல காய விட்டு, ஜல்லி மண்ணுல நட்டா பெரும்பாலும் வேரு பிடிச்சுடும்.

நல்ல செடிய கீழ் இலைக்கு ஒட்டி மண்ணு வர்ற மாதிரி நடுங்க, கேரட்டோட மேல்பக்கத்துலேர்ந்துதான் புது வேரு வரும், அது மண்ணுக்குள்ள இருக்கணும். அமுக்கி திணிக்காம தொட்டிய ரெண்டு தட்டு தட்டினா மண்ணு தானா இறங்கும். ஒரு தண்ணி, அப்பறம் ரெண்டு வாரம் நிழல், அவ்வளவுதான்.

இதே சமயத்துல பக்கக்கன்னயும் பிரிச்சிடலாம். கேரட்டோட பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறத கீழ்நோக்கி மெதுவா இழுத்தா கழண்டு வரும். வேரோட வந்தா தனியா நடுங்க, வேரில்லாததை ஒரு மண் தொட்டியோட உள் ஓரத்த ஒட்டி வரிசையா குத்தி வைங்க. தொட்டி நடுவுல வைக்கறத விட ஓரத்துல சீக்கிரம் வேரு பிடிக்கும். மேல பிளாஸ்டிக் பையை கவுத்து, தினமும் ஒரு தடவ தெறந்து காத்து காட்டுங்க, ஒரு மாசம் ஒண்ணரை மாசத்துல புது இலை எட்டிப் பாக்கும். மார்ஜினாட்டால வயசான செடி வெறும் குச்சியா நீண்டு நுனியில மட்டும் இலை நிக்கும், அந்தத் தலைய ரெண்டு மூணு செ.மீ. குச்சியோட வெட்டி நடுங்க, மிச்சம் இருக்கற குச்சியும் பல சமயம் பக்கத்துல துளிர் விடும், ஒண்ணுக்கு நாலாயிடும்.

பூச்சி

அசுவினி, நத்தை எல்லாம் கையாலயே சமாளிக்கலாம். உண்மையான வில்லன் வைன் வீவில்ங்கற கருப்புக் கூன்வண்டு. வண்டு ராத்திரியில இலை ஓரத்த அரைவட்டமா கடிச்சு வைக்கும், அது பெரிய விஷயம் இல்ல, அதோட புழு மண்ணுக்குள்ள வேரத் தின்னு கேரட்டையும் குடையும். புழு வெள்ளையா, பழுப்புத் தலையோட, சி எழுத்து மாதிரி வளஞ்சு கெடக்கும். எல்லாம் பொட்ட வண்டுதான், ஜோடியே இல்லாம முட்டை போடும், அதனால ஒண்ணே ஒண்ணு உள்ள வந்தாலும் போதும் அதுக்கு. நல்லா தண்ணி இருந்தும் ஒரு செடி வாடினா உடனே தொட்டிய கவுத்துப் பாருங்க, நாளைக்கு பாக்கலாம்னு விடாதீங்க. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல ஸ்டெய்னர்நீமா க்ராஸியைங்கற நன்மை செய்யற நூற்புழுவ தண்ணியில கலந்து ஊத்தினா புழுவ உள்ளயே முடிச்சிடும், மண்ணு 5 டிகிரிக்கு மேல இருந்தா போதும், ஈரமா இருக்கணும்.

மாத்தி நடறப்ப வேர்ல வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தா அது வேர் அசுவினி. பாக்க பயமா இருக்கும், ஆனா செடிய உடனே கொல்லாது, வேர தண்ணியில அலசி புது மண்ணுல வச்சிடுங்க. கோடையில இலை வெளிறி நைசா வலை தெரிஞ்சா செஞ்சிலந்திப் பேன், எடம் ரொம்ப சூடாவும் வறட்சியாவும் இருக்குன்னு அர்த்தம். குளிர்காலத்துல காஞ்ச இலைய அப்பப்ப எடுத்துடுங்க, ஆனா பாதி பச்சையா இருக்கறத இழுக்காதீங்க, தோலோட பிச்சுக்கிட்டு வந்து அந்தக் காயத்துல அழுகல் ஏறும். தானா கழண்டு வர்றது மட்டும் போதும்.

விதையிலேர்ந்து

பொறுமை இருக்கறவங்களுக்கு மட்டும். நீங்களே விதை கட்ட வைக்கணும்னா பூவோட வாய உத்துப் பாருங்க. சில செடில நடுவுல குண்டூசித் தலை மாதிரி பச்சையா ஒரு உருண்டை தெரியும், அது சூல்முடி. வேற செடில அது உள்ள ஒளிஞ்சுக்கிட்டு, மகரந்தப் பை அஞ்சும் வாயில நிக்கும், தறியில அறுத்து விட்ட நூல் நுனி மாதிரி. ஒரே செடில ஒரே வகைதான் வரும். ரெண்டு வகையும் கலந்தாத்தான் விதை நல்லா கட்டும், 1862லயே டார்வின் இதப் பத்தி தனியா ஒரு கட்டுரை எழுதியிருக்காரு. நூல் வகைலேர்ந்து மகரந்தத்த சின்ன பிரஷ்ல எடுத்து குண்டூசி வகையோட உருண்டையில தொட்டு வைங்க, அந்தக் காம்புல ஒரு நூலு கட்டி வைங்க, இல்லன்னா எதத் தொட்டோம்னு மறந்துடும்.

விதை மிளகுத்தூள் அளவுதான் இருக்கும். டிசம்பர், ஜனவரில விதை மண்ணு மேல தூவி, மண்ணு போட்டு மூடாம மேல ரொம்ப மெல்லிசா பொடி ஜல்லி மட்டும் போட்டு வெளிய குளிர்லயே வச்சிடுங்க. அதுக்கு வெளிச்சமும் வேணும், குளிரும் வேணும். வெளிய குளிர் பத்தலைன்னா ஈர மணல்ல கலந்து ஃப்ரிட்ஜ்ல நாலஞ்சு வாரம். முளைக்கறப்ப 10லேர்ந்து 15 டிகிரி போதும், 20 தாண்டினா விதை மறுபடி தூங்கிடும், ஹீட்டர் பாயில வச்சு சீக்கிரம் வரவழைக்கலாம்னு பாத்து நான் ஒரு ட்ரே முழுசும் வீணாக்கியிருக்கேன்.

எல்லாம் ஒண்ணா முளைக்காது. ஏப்ரல்ல பத்து வரும், மே மாசம் மூணு வரும், மிச்சம் அடுத்த வருஷம் வரும், அதனால ட்ரேய தூக்கிக் கொட்டாதீங்க. நாத்துல மொத வர்ற விதையிலைய விட்டுட்டு மூணு நாலு நெச இலை வந்தப்பறம் ஸ்பூன் காம்பால நெம்பி எடுத்து சின்னத் தொட்டிக்கு மாத்துங்க, இலைய பிடிச்சு தூக்குங்க, தண்ட பிடிக்காதீங்க. பூ ரெண்டாவது இல்லன்னா மூணாவது வசந்தத்துல. தோட்டத்து ரகத்தோட விதைன்னா அம்மா மாதிரியே வராது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலர். அதே செடிதான் வேணும்னா பக்கக்கன்னுதான் வழி. கடைசியா முளைக்கற நோஞ்சான் நாத்துலதான் நல்ல பூ வரும்னு பழைய கைகள் சொல்றதுண்டு. என்கிட்ட போன வருஷத்து ட்ரே ஒண்ணு இன்னும் வெளிய இருக்கு, பாசி பிடிச்சுப் போய், பாசிக்கு நடுவுல நேத்து ரெண்டு முளை தெரிஞ்சுது, லென்ஸ் வச்சுப் பாத்தேன், இலை ஓரம் உள்பக்கமா சுருண்டிருக்கு.